உங்களுக்குத் தெரியுமா? – பாட்டு யாருடைய சொத்து?

1847இல் பாரிஸ் கஃபே ஒன்றில் உட்கார்ந்து சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார் பாடலாசிரியர் எர்னெஸ்ட் பூர்ஜே. அங்கே வாசித்துக்கொண்டிருந்ததோ அவருடைய பாட்டு. பில் வந்ததும் காசு தர மறுத்துவிட்டார். ‘என் பாட்டுக்கு நீங்கள் காசு தரவில்லையே, உங்கள் தண்ணீருக்கு நான் ஏன் தரவேண்டும்?’ என்பது அவர் கட்சி. வழக்கு நடந்தது, பூர்ஜே ஜெயித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 1851இல் உருவான ‘சாசெம்’ சங்கம் இன்றும் ராயல்டி வசூலித்துத் தருகிறது. நம் நாட்டில் இந்த வேலையைச் செய்வது 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம். பாட்டு எழுதுகிறவர்களும் இசையமைக்கிறவர்களும் முதலில் அதில் உறுப்பினராகுங்கள். சேராதவர் வீட்டை அந்தப் பணம் தேடி வராது.

ஒரே பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. நிலம் ஒருவர் பேரிலும் வீடு இன்னொருவர் பேரிலும் இருப்பதுபோல. இந்தியாவில் வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் காப்புரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு.

இந்த இரட்டைச் சொத்துக்கு ஓர் உதாரணம்: பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆறு ஆல்பங்களின் ஒலிப்பதிவுகள் 2019இல் வேறொருவர் கைக்குப் போயின. பாட்டெழுதிய உரிமை அவரிடமே இருந்ததால், 2021 முதல் பழைய ஆல்பங்களைத் திரும்பப் பாடி வெளியிட்டார். 2025இல் பழைய பதிவுகளையும் விலைக்கு வாங்கிவிட்டார்.

இன்னொரு பெண்ணின் துணிச்சலும் சொல்லப்பட வேண்டியது. 1974இல் பாடகி டாலி பார்ட்டன் எழுதி வெளியிட்ட ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாட்டைப் பாட எல்விஸ் பிரெஸ்லி ஆசைப்பட்டார். எல்விஸ் பாடினால் எந்தப் பாட்டும் ஊரெல்லாம் ஒலிக்கும். ஆனால் அவருடைய மேலாளர் பதிப்புரிமையில் பாதியைக் கேட்டார். டாலி இரவெல்லாம் அழுதார், ஆனாலும் தர மறுத்தார். 1992இல் விட்னி ஹூஸ்டன் அதைப் பாடியபோது உலகமே கேட்டது. எழுதியவருக்கான வருமானம் சிதறாமல் டாலிக்கே வந்தது. கையெழுத்துப் போடும் அவசரத்தில் இருக்கும் ஒவ்வொரு இளம் இசைக்கலைஞரும் இந்தக் கதையைக் கேட்டிருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

2012இல் நம் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. சினிமாப் பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளுக்கான ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் எழுதிக்கொடுக்கலாம். ‘எல்லா உரிமையும் தந்துவிட்டேன்’ என்று தயாரிப்பாளருக்குக் கையெழுத்திட்டிருந்தாலும் இந்தப் பங்கு போகாது.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இலக்க அடையாளம் வழங்கப்படுகிறது. அது இல்லாவிட்டால் பாட்டு ஒலித்த கணக்கு உங்கள் பேரில் சேர்வது கடினம்.

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டால்தான் ஒலிப்பதிவு ராயல்டி. 2024 முதல் இதுதான் விதி. வளரும் கலைஞர்களை இது வதைக்கிறது. அவர்களுக்கு இன்னும் மேடைதான் சோறு போடுகிறது.

மேடை என்றால் வரியும் வரும். நாட்டுப்புற இசை, செவ்வியல் இசைக் கச்சேரி ஒன்றுக்குக் கலைஞர் வாங்கும் தொகை 1.5 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் ஜி.எஸ்.டி. கிடையாது. சினிமாப் பாட்டு மெல்லிசைக் குழுக்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் அவர்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்தே ஆகவேண்டும்.