குழந்தைக்குத் திடீர் நோய்: பெற்றோரின் நிச்சயமின்மையை அளவிடுவது எப்படி?

கடும் காய்ச்சல், வலிப்பு, மூச்சுத்திணறல் போன்ற பாதிப்புகளுடன் ஒரு குழந்தை மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது, அதன் உடல் வெப்பம், நாடித்துடிப்பு, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு ஆகியவை உடனடியாகக் குறித்துக்கொள்ளப்படுகின்றன. ஆனால், என்ன நோய், எப்போது குணமாகும் என்று அறியாமல் வெளியே காத்திருக்கும் பெற்றோரின் தவிப்பு பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. அதையும் அளவிட முடியும் என்கிறது செவிலியர் துறை.

31 வாக்கியங்கள்

அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மெர்ல் மிஷெல், நோயாளிகளின் நிச்சயமின்மையை அளவிடும் வினாப்பட்டியலை 1981-இல் வெளியிட்டார். மருத்துவமனையில் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கான தனி அளவுகோலை 1983-இல் வெளியிட்டார். அதில் 31 வாக்கியங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு ஏற்கிறார்கள் என்பதைப் பெற்றோர் குறிப்பிட வேண்டும். அதற்கேற்ப 1 முதல் 5 வரை மதிப்பெண் வழங்கப்படும். மொத்த மதிப்பெண் 31-க்கும் 155-க்கும் இடையே அமையும். மதிப்பெண் உயர்ந்தால் நிச்சயமின்மை அதிகம் என்று பொருள்.

நான்கு கூறுகள்

குழந்தை தேறுகிறதா, இல்லையா என்ற குழப்பம். அளிக்கப்பட்ட விளக்கம் புரியாமை. நோய் குறித்த தகவல் கிடைக்காமை. அடுத்து நடப்பதைக் கணிக்க முடியாமை ஆகிய நான்கையும் இந்த அளவுகோல் பிரித்துக் காட்டுகிறது.

இப்பிரிவே இதன் முக்கியப் பயன். இரு தாய்மார்களின் மொத்த மதிப்பெண் ஒன்றாக இருக்கலாம். ஒருவருக்கு எவரும் எதையும் கூறவில்லை. மற்றவரிடம் எல்லாம் கூறப்பட்டும், மருத்துவச் சொற்கள் அவருக்குப் புரியவில்லை. முன்னவருக்குத் தேவை தகவல்; பின்னவருக்குத் தேவை எளிய மொழி. நோயின் போக்கு மருத்துவருக்கே தெரியாத முதல் சில மணி நேரங்களில், அதை மறைக்காமல் கூறி, அடுத்த பரிசோதனை முடிவு எப்போது கிடைக்கும் என்று தெரிவிப்பதே உதவியாக அமையும்.

வரம்புகள்

இந்த மதிப்பெண் குழந்தையின் நோய்த் தீவிரத்தைக் காட்டாது. உயிர்காக்கும் சிகிச்சை நடைபெறும் வேளையில் பெற்றோரிடம் 31 வாக்கியங்களை நீட்டவும் இயலாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். மேலும், நிச்சயமின்மை எப்போதும் தீமையானதன்று என்கிறது 1988-இல் மிஷெல் முன்வைத்த கோட்பாடு. சிலருக்கு அது அச்சமாகவும், சிலருக்கு நம்பிக்கைக்கான இடமாகவும் அமையலாம்.

இந்தியாவில்

தீவிர சிகிச்சையில் உள்ள பச்சிளம் குழந்தைகளின் பராமரிப்பில் பெற்றோரையும் ஈடுபடுத்துவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இல் வெளியிட்டது. பயிற்சி பெற்ற பெற்றோர் குழந்தையின் அருகிலிருந்து பராமரிப்பில் பங்கேற்க இது வழிவகுக்கிறது. குழந்தையின் நிலையை நேரில் காணும் வாய்ப்பு, கதவுக்கு வெளியே காத்திருப்போருக்குக் கிடைப்பதில்லை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

என்ன நோய் என்று கருதப்படுகிறது, இன்று எந்த மாற்றத்தை எதிர்பார்க்கலாம், அடுத்த தகவலை யார், எப்போது தெரிவிப்பார்கள் ஆகிய மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேட்கலாம். வீடு திரும்பும்போது, எந்த அறிகுறி தோன்றினால் உடனே மீண்டும் வர வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.