கழற்று பின்வளை வில்

கழற்று பின்வளை வில் என்பது நடுப்பிடி, மேற்கிளை, கீழ்க்கிளை என மூன்று பகுதிகளாகப் பிரிக்கக்கூடிய வில் ஆகும். கிளைகளின் நுனிகள் வில்லாளிக்கு எதிர்த்திசையில் வளைந்திருப்பதால் இது பின்வளை வில் (ரிகர்வ்) எனப்படுகிறது. மூங்கில் வில்லில் பழகிய ராசத்தானின் லிம்பா ராம் 1988, 1992, 1996 ஒலிம்பிக் வில்வித்தைப் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் பின்வளை வில்லுடன் பங்கேற்றார். மரபுமுறையில் எய்வோர் குறிகாட்டி, சமநிலைத் தண்டு ஆகியவற்றைப் பயன்படுத்துவதில்லை.

தெரிவு செய்தல்

இழுநீளம்: விரித்த இரு கைகளின் அகலத்தை 2.5 ஆல் வகுத்தால் தோராயமான இழுநீளம் கிடைக்கும். 165 செ.மீ. எனில் அது 66 செ.மீ., அதாவது ஏறத்தாழ 26 அங்குலம் ஆகும்.

இழுவிசை: கிளையில் பொறிக்கப்படும் பவுண்டு அளவு பொதுவாக 28 அங்குல இழுப்புக்கு உரியது. ஓர் அங்குலம் குறைய ஏறத்தாழ 2 பவுண்டு குறையும். எனவே மேற்கண்டவருக்கு 30 பவுண்டு வில் 26 பவுண்டு விசையையே தரும். தொடக்கநிலையில் வயதுவந்தோருக்கு 20 முதல் 25 பவுண்டு போதுமானது. மிகையான விசை தோள்மூட்டைப் பாதிப்பதுடன் எய்யும் முறையையும் கெடுக்கும். வலிமை கூடியபின் கிளைகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்; இதுவே இவ்வில்லின் முதன்மைப் பயன்.

கண்: வலக்கண் மேலோங்கியவர் இடக்கையில் பிடிக்கும் வில்லைத் தெரிவு செய்தல் நன்று.

பாதுகாப்பு

அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடுதல் கூடாது, கிளைகள் பிளவுறக்கூடும்.