பழைய மென்பொருளுக்குப் புதிய பில்ட் கருவி: ஏன்? எப்படி?

நிரல் எழுதிவிட்டால் மட்டும் மென்பொருள் ஓடாது. நூற்றுக்கணக்கான கோப்புகளைச் சரியான வரிசையில் தொகுத்து இணைக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் பில்ட் கருவி. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' இதில் முன்னோடி. கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைப் பார்த்து, மாறியதையும் அதைச் சார்ந்ததையும் மட்டும் அது மறுபடி தொகுக்கும்.

ஏன் மாற்றுகிறார்கள்?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பாருங்கள். லினக்ஸுக்கு, கணினியின் அமைப்பை ஆராயும் ஆட்டோகான்ஃபும் மேக்கும். விண்டோஸின் விஷுவல் ஸ்டுடியோவுக்குத் தனியாகப் பெர்ல் ஸ்கிரிப்டுகள் இருந்தன. இரண்டையும் பராமரிப்பது இரட்டைச் சுமையாக இருந்தது. 'மீசான்' என்ற புதிய பில்ட் கருவி வந்தால் இரண்டு தளத்துக்கும் ஒரே விவரக் கோப்பு போதும். அதிலிருந்து உருவாகும் கட்டளைகளை 'நிஞ்சா' என்ற இன்னொரு கருவி பல வேலைகளாகப் பிரித்து, ஒரே நேரத்தில் விரைவாக முடிக்கும்.

எப்படி மாற்றுகிறார்கள்?

படிப்படியாகத்தான். 2023-இல் வந்த போஸ்ட்கிரெஸின் 16-ஆம் பதிப்பில் மீசான் நுழைந்தது. பழைய வழிகளும் இருந்தன. 2024-இல் 17-ஆம் பதிப்பில் பெர்ல் ஸ்கிரிப்டுகள் நீக்கப்பட்டன, மேக் தொடர்ந்தது.

உங்கள் திட்டத்தை மாற்றும்போதும் இரண்டு கருவிகளையும் சில காலம் சேர்த்தே ஓட்டுங்கள். சோதனை முடிவுகளும் நிறுவப்படும் கோப்புகளும் ஒத்துப்போன பிறகே பழையதை நீக்குங்கள்.