வடக்கும் தெற்கும் ஈன்ற மாங்கனி

ஆனி மாதத்தின் பிற்பகுதியில் சால்ட் லேக் மார்க்கெட்டுக்குச் சென்ற நண்பர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். ஹிம்சாகர் பழத்தின் காலம் முடிந்திருக்கும். லங்டாவும் குறையத் தொடங்கியிருக்கும். அப்போது பழக்காரரின் கூடையில் பச்சைத்தோல் போர்த்த சிறிய மாம்பழங்கள் வந்து அமரும். தோலைப் பார்த்தால் பழுத்ததாகவே தோன்றாது. அறுத்தாலோ, உள்ளே செம்மஞ்சள் நிறம் கண்ணைப் பறிக்கும், நார் இல்லை, இனிப்போ சொல்லி முடியாது. இதுவே ஆம்ரபாலி.

"இது எங்கள் வங்காளத்து மாம்பழம்" என்று என் அறை நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு பெருமையுடன் கூறினார். "பாதி எங்கள் ஊருடையது" என்றேன் நான். அவர் நம்பவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் எதற்கெடுத்தாலும் உரிமை கொண்டாடுவார்கள் என்று சிரித்தார். அன்று அவருக்கு நான் கூறிய விளக்கத்தையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறேன். ஒரு புதிய பழவகை எவ்வாறு பிறக்கிறது? பிறந்த பின் அதற்கு எவ்வாறு பெயரும் அடையாளமும் ஏற்படுகின்றன? இவ்விரு வினாக்களுக்கும் ஆம்ரபாலியின் வரலாறு நல்ல விடை தருகிறது.

முதலில், வகை என்பது யாது? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் பல்லாயிரக்கணக்கான நீலம் மரங்கள் நிற்கின்றன. ஆனால் அவை அனைத்தும் உண்மையில் ஒரே மரத்தின் கிளைகளே எனலாம். என்றோ ஒருநாள், எங்கோ ஒரு கொட்டையிலிருந்து முளைத்த மரம் நல்ல பழம் தந்தது. அதன் குச்சியை எடுத்து நாட்டுக் கன்றின்மேல் ஒட்டுக் கட்டினர். அந்த ஒட்டிலிருந்து மற்றோர் ஒட்டு, அதிலிருந்து இன்னொன்று என்று அது பெருகியது. நீலத்தின் கொட்டையை நட்டால் நீலம் வராது. தாயின் குணங்களும், எந்த மரத்தின் மகரந்தம் வந்து சேர்ந்ததோ அந்தத் தந்தையின் குணங்களும் கலந்து ஒரு புதுப் பிள்ளை பிறக்கும். மேற்குக் கடற்கரையில் விளையும் சில வகைகளில் மட்டும் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் வரும். அவற்றுள் பெரும்பாலானவை தாயைப் போலவே இருக்கும். நீலம், தசேரி போன்றவை அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல.

கொட்டை புதுமையைத் தருகிறது. ஒட்டு பழமையைக் காக்கிறது. புதிய வகையை உண்டாக்க விரும்புவோர் இவ்விரண்டையும் பயன்படுத்த வேண்டும்.

இனி ஆம்ரபாலியின் பெற்றோரைக் காண்போம். இலட்சுமணபுரியாகிய லக்னோவுக்கு அருகே, காக்கோரியை அடுத்துள்ள தசேரி என்னும் சிற்றூரில் தோன்றியது தசேரி மாம்பழம். சுவையில் வடநாட்டின் அரசு என்றே அதனைக் கூறுவர். ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. ஓராண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு ஓய்வெடுத்துக்கொள்ளும். தென்னாட்டு நீலமோ ஆண்டு தவறாமல் காய்க்கும். பருவத்தின் கடைசியில் வரும். பறித்த பின் பல நாள் கெடாமல் இருக்கும். ஒன்றின் சுவையையும் மற்றொன்றின் ஒழுங்கையும் ஒரே மரத்தில் சேர்த்தால் என்ன? இந்த வினாவுக்குத் தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் விடை கண்டவர் டாக்டர் பியூஷ் காந்தி மஜும்தார். வங்காளியான அவரை நினைத்தால், என் அறை நண்பரின் உரிமையும் ஒரு வகையில் நியாயமானதே!

நீலத்தைப் பெற்றோராக வைத்துப் பார்க்கும் எண்ணம் தில்லியில் மட்டும் தோன்றியதன்று. சென்னை மாகாணத்தில் அந்நாளில் இருந்த கோடூர்ப் பழ ஆராய்ச்சி நிலையத்தில் நீலத்தையும் இமாயுதீனையும் கலந்து நீலுதீன் என்னும் கலப்பினத்தை உருவாக்கினர். பிற்காலத்தில் கொங்கணத்து வெங்குர்லாவில் நீலத்தையும் அல்போன்சாவையும் கலந்து இரத்னாவைப் பெற்றனர். எத்தனையோ கலப்பினங்களின் பிறப்புக் குறிப்பில் நம் நீலத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

சொல்வதற்கு எளிது, செய்வதோ மிகக் கடினம். மாம்பூங்கொத்து ஒன்றில் சில நூறு முதல் சில ஆயிரம் வரை பூக்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஆண் பூக்கள். காய்க்கும் ஆற்றலுடைய இருபால் பூக்கள் குறைவு. பூவோ எள்ளின் பருமனைவிடச் சற்றே பெரியது. விடியற்காலையில் அந்தப் பூவைத் தேடிப் பிடித்து, அதன் மகரந்தப்பை வெடிப்பதற்கு முன்பே இடுக்கியால் அதனைக் கிள்ளிவிட வேண்டும். பிறகு மற்ற வகையின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, பூச்சி புகாதபடி கொத்தினைத் துணிப்பையால் மூடி, சீட்டுக் கட்ட வேண்டும். இத்தனையும் செய்த பின்னும் பிஞ்சுகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். நூறு பூக்களைக் கலந்தால் ஒரு பழம்கூடக் கைக்கு வராமல் போவது உண்டு.

ஒரே கொத்தில் நிறையப் பூக்களைக் கலப்பதைவிட, பல கொத்துகளில் சில பூக்களை மட்டும் கலந்தால் பலன் மிகும் என்று ஆராய்ச்சியாளர் பின்னர் கண்டனர். எப்படியும் ஒரு கொத்து ஒன்றிரண்டு பழங்களுக்குமேல் தாங்குவது அரிது அன்றோ? இன்னொரு வழியும் உண்டு. தன் மகரந்தத்தால் தானே காய்க்காத இயல்பு தசேரிக்கு உண்டு. அத்தகைய மரத்தையும் மற்றொரு வகை மரத்தையும் ஒரே வலைக்கூண்டுக்குள் வளர்த்து, உள்ளே ஈக்களை விட்டுவிட்டால் இடுக்கி பிடிக்கும் வேலையை ஈக்களே முடித்துவிடும். நாம் கையால் விரட்டும் வீட்டு ஈ, அங்கே ஆராய்ச்சித் துணைவனாகிவிடுகிறது!

இதற்குப் பின் தொடங்குவது காத்திருத்தல். குளிர்காலத்தில் இந்நகரக் கடைகளில் பெட்டி பெட்டியாக வரும் ஸ்ட்ராபெரியை எண்ணிப் பாருங்கள். அதுவும் இரு தேசங்களின் பிள்ளைதான். 1714 ஆம் ஆண்டில் பிரெசியே என்னும் பிரெஞ்சுக்காரர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் செடிகளைக் கொண்டுவந்தார். ஐரோப்பியத் தோட்டங்களில் முன்பே குடியேறியிருந்த வட அமெரிக்கச் செடியோடு அது கலந்தது. அக்கலப்பின் பிள்ளையே இன்று நாம் உண்ணும் ஸ்ட்ராபெரி என்பதை 1766 இல் துஷேன் என்ற இளைஞர் எடுத்துக் காட்டினார். அவருக்கு அப்போது வயது இருபதுக்குச் சற்று முன்பின் இருக்கும். ஏறத்தாழ நம் வயதுதான்! ஆனால் ஸ்ட்ராபெரி விதை முளைத்து ஓரிரு ஆண்டுகளில் பழம் தந்துவிடும். ஓடுதண்டுகள் விட்டுத் தானே பெருகும். மாங்கன்றோ பழம் காட்ட ஆறு, ஏழு, சில சமயம் பத்து ஆண்டுகள்கூட எடுத்துக்கொள்ளும். பழத்தைச் சுவைத்த பின்னரே அது தகுமா தகாதா என்று தெரியும். தகாதென்றால் அத்தனை ஆண்டு உழைப்பும் பாடமாக மட்டுமே மிஞ்சும்.

தில்லியில் நடந்த கலப்பில் மற்றொரு வியப்பும் உண்டு. தசேரியைத் தாயாகவும் நீலத்தைத் தந்தையாகவும் கொண்டு பிறந்தது ஆம்ரபாலி. நீலத்தைத் தாயாகவும் தசேரியைத் தந்தையாகவும் கொண்டு பிறந்தது மல்லிகா. இரண்டும் 1970-களில் உழவர்க்கு அளிக்கப்பட்டன. பெற்றோர் அதே இருவர். பிள்ளைகளுக்குள் ஒற்றுமை சிறிதே. மல்லிகாவின் பழம் பெற்றோர் இருவரின் பழத்தைவிடவும் பெரியது. ஆம்ரபாலியின் பழம் சிறியது, மரம் குட்டையானது, கொத்துக் கொத்தாக, ஆண்டுதோறும் காய்ப்பது. சாதாரண மாமரத்தைப் பத்து மீட்டர் இடைவெளியில் வைத்தால் ஒரு ஹெக்டேரில் 100 மரங்களே நிற்கும். ஆம்ரபாலியை இரண்டரை மீட்டர் இடைவெளியில் வைத்து 1,600 மரங்கள் நடலாம். சிறு நிலம் உடைய வங்காள உழவர் இதனை விரும்பி ஏற்றதில் வியப்பென்ன? எல்லை கடந்து வங்காள தேசத்திலும் இப்பழம் பெரும்புகழ் பெற்றுள்ளது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தாய் தந்தை முறை மாறியது மட்டுமன்று. மாமரத்தின் உயிரணுவில் 40 நிறக்கோல்கள் உள்ளன. பெற்றோர் இருவருமே பல பரம்பரைகளின் கலப்பானபடியால், ஒவ்வொரு கொட்டையிலும் அக்குணங்கள் புதிது புதிதாகக் கலைத்துப் பங்கிடப்படுகின்றன. ஒரே வீட்டு அண்ணனும் தம்பியும் வேறு வேறாக இருப்பதைப் போன்றதே இது. ஆதலால் கலப்பவர் செய்யும் பெரும்பணி கலப்பதன்று. நிற்கும் கன்றுகளுள் எதனை வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுப்பதே.

தேர்ந்தெடுத்தாயிற்று, வேலை முடிந்ததா? இல்லை. இனித்தான் அதனை விவரித்து எழுத வேண்டும். நம் சால்ட் லேக்கின் சி.ஜி.ஓ. வளாகத்தில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தலைமையகம் உள்ளது. காட்டில் ஒரு புதிய செடியினம் கண்டால் அதனை உலர்த்தி, அடையாள மாதிரியாக வைத்து, விவரித்து வெளியிடுவது அத்துறையினரின் முறை. தோட்டத்துப் பழவகைக்கும் விவரணை வேண்டும். ஆனால் அங்குக் கேள்வி வேறு. இது மாமரமா என்பதன்று. மற்ற எல்லா மாமரங்களிலிருந்தும் இது எவ்வாறு வேறுபடுகிறது என்பதே கேள்வி.

அதற்குப் பழத்தைக் கையில் எடுத்து அங்கம் அங்கமாக நோக்க வேண்டும். காம்படியில் குழி உண்டா? தோள்கள் இரண்டும் சமமா, ஒன்று உயர்ந்துள்ளதா? மூக்கு கூர்மையா, மழுங்கலா, இல்லவே இல்லையா? மூக்கின் மேலே பள்ளம் உண்டா? தோல் தடிப்பா, மெல்லியதா? புள்ளிகள் எப்படிப்பட்டவை? சதையில் நார் எவ்வளவு? கொட்டையின் நரம்புகள் மேலெழுந்தவையா? பழத்தோடு நின்றுவிடக் கூடாது. தளிரின் நிறம், இலையின் வடிவம், கசக்கினால் வரும் வாசனை, பூங்கொத்தின் உருவம் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். இப்பணியில் இந்நகருக்குப் பழைய தொடர்பு உண்டு. மா ஆராய்ச்சியில் புகழ்பெற்ற எஸ். கே. முகர்ஜி, மாம்பழ வகைகளையும் அவற்றின் பாகுபாட்டையும் பற்றி எழுதிய கட்டுரை 1948 இல் வங்காளத் தாவரவியல் சங்கத்தின் இதழில்தான் வெளிவந்தது.

இப்போது இதற்குச் சட்டமும் உண்டு. 2001 ஆம் ஆண்டின் பயிர்வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி ஒரு புதுவகை மூன்று சோதனைகளில் தேற வேண்டும். மற்ற வகைகளிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும். அதன் மரங்கள் எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும். மீண்டும் மீண்டும் பெருக்கினாலும் குணம் மாறாதிருக்க வேண்டும். தேறிய மரவகைக்கு 18 ஆண்டு வரை பாதுகாப்புக் கிடைக்கும். அறிவியலாளர் உண்டாக்கிய வகையை மட்டுமன்றி, உழவர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் வகையையும் இச்சட்டப்படி பதியலாம். இது நம் நாட்டுச் சட்டத்தின் தனிச் சிறப்பு.

இவ்வளவும் படித்த நான் செய்த ஒரு பிழையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் கிணற்றடியில் ஒரு நாட்டு மாமரம் நின்றது. அதற்குப் பெயர் கிடையாது. "கிணத்தடி மாங்கா" என்போம். ஊறுகாய்க்கு அதுபோல் வராது என்பார் பாட்டி. நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்தபோது பாகப்பிரிவினை நடந்தது, மரமும் வெட்டப்பட்டது. அதற்கு முந்திய கோடையில் உண்ட ஒரு பழத்தின் கொட்டையை நான் விளையாட்டாகத் தொட்டியில் ஊன்றி வைத்திருந்தேன். அது முளைத்துவிட்டது. "அதே பழம் வருமா கண்ணு?" என்று பாட்டி இன்றும் தொலைபேசியில் கேட்கிறார்.

வராது என்பது எனக்குத் தெரியும். வருவது அதன் பிள்ளை, அதுவாகாது. மரம் நின்ற நாளில் ஒரு சாண் நீளக் குச்சியை எடுத்து ஒட்டுக் கட்டியிருந்தால் அதே மரம் இன்றும் உயிரோடு இருக்கும். அதுவும் போகட்டும், அப்பழத்தின் மூக்கு கூர்மையா மழுங்கலா என்று கேட்டால்கூட எனக்கு விடை தெரியவில்லை. இருபது கோடையில் அதனை உண்டிருக்கிறேன். ஒருமுறையாவது உற்று நோக்கியதில்லை.

நண்பர்களே! நீலமும் ஒரு காலத்தில் பெயரில்லாத கொட்டைமரமாகத்தான் நின்றது. யாரோ ஒருவர் அதனைக் கவனித்தார், ஒட்டுக் கட்டினார், பெயரிட்டார். அதனால்தான் அது தில்லிக்குச் சென்றது. ஆம்ரபாலியாகி இந்தச் சால்ட் லேக் கூடைக்கும் வந்தது. அக்கவனிப்பு இல்லாதிருந்தால் அதுவும் எங்கள் கிணற்றடி மரத்தைப் போல விறகாகியிருக்கும்.

அடுத்த கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் வீட்டுக் கொல்லையில் அல்லது வயல் வரப்பில் நிற்கும் பெயரில்லாத மாமரத்தைச் சென்று பாருங்கள். அளவுகோலை அருகில் வைத்து, முழுப் பழத்தையும் அறுத்த பழத்தையும் படமெடுங்கள். தோள், மூக்கு, தோல், நார், கொட்டை, காய்க்கும் மாதம், வீட்டில் வழங்கும் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் அருகில் இருந்தால் இரண்டு குச்சிகள் எடுத்துக் கொடுங்கள். இதற்கு அறிவியல் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் போதும்.

என் தொட்டிச் செடி இப்போது இடுப்பளவு வளர்ந்திருக்கிறதாம். அது காய்க்கும்போது, முதல் பழத்திலிருந்தே குறிப்பெழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.