பழைய பண்ணில் புதிய பாட்டு

2008-ஆம் ஆண்டு வெளிவந்த 'சுப்பிரமணியபுரம்' படப் பாடல்களைக் குறித்துப் பெங்களூர் அல்சூரில் தமிழர் இல்லங்களில் நாம் கேட்ட கருத்துக்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. கதை 1980-ஆம் ஆண்டை ஒட்டிய மதுரையில் நிகழ்வது. அக்கால மெல்லிசையின் சாயலிலேயே ஜேம்ஸ் வசந்தன் மெட்டமைத்தார். அவற்றுள் 'கண்கள் இரண்டால்' ரீதிகௌளை இராகத்தில் அமைந்தது. 1977-இல் 'கவிக்குயில்' படத்திற்காக இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாட்டும் அவ்விராகமே. "இது பழையதன் நகல்" என்றார் ஒரு வீட்டுப் பாட்டியார். அது நமக்கு உடன்பாடன்று. இராகம் பொதுச் சொத்து. அதில் நடக்கும் நடையே இசையமைப்பாளருடையது. கன்னடம் பயிலும் பேரப்பிள்ளைகளோ இராகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தாமரை எழுதிய சொற்களுக்குப் பொருள் கேட்டனர். தமிழ் எழுத்து அறியாத அவர்களுக்கு, நகலென்று குறைகூறிய பாட்டியாரே அடி அடியாகப் பொருள் உரைத்தார்.