வெள்ளை விரிப்பின் கீழே

உங்கள் வீட்டிலோ உங்கள் சபைக் குடும்பங்களிலோ படுக்கையோடு இருக்கிற ஒருவர் உண்டா? அவரைப் பராமரிக்கக் கூலிக்கு ஓர் ஆளை அமர்த்தியிருக்கிறீர்களா? அப்படியானால், அந்தப் பராமரிப்பு நன்றாய் நடக்கிறதென்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை ஒருநாள் ஒரு செவிலியர் என்னிடத்தில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆரியசாலையில், சாலைக் கடைத்தெருவின் இரைச்சல் எட்டுகிற தூரத்தில் ஒரு மாடி வீடு. நெல்லைச் சீமையிலிருந்து மகனோடு வந்து குடியேறிய தாயார் ஒருவர் பக்கவாதத்தால் அங்கே படுக்கையில் விழுந்தார். மகனும் மருமகளும் காலையில் கடைக்குப் புறப்பட்டால் இரவில்தான் திரும்புவார்கள். ஆகவே ஏஜென்சி மூலமாய் ஒரு ஹோம் நர்ஸை வைத்தார்கள். நான் மாதத்துக்கு இருமுறை அந்த வீட்டுக்குப் போவேன். விரிப்பு வெண்மையாயிருக்கும். தலை வாரி, முகத்துக்குப் பவுடர் பூசியிருக்கும். அறையில் டெட்டால் வாசனை வீசும். கட்டிலருகே நின்று ஜெபித்து, "நல்ல பிள்ளை கிடைத்திருக்கிறது" என்று மகனிடம் சொல்லி, காப்பி குடித்துவிட்டுத் திரும்புவேன். இப்படி ஏழு மாதம் சென்றது.

ஒருநாள் நான் இருக்கும்போதே அரசு சுகாதார நிலையத்திலிருந்து பாலியேட்டிவ் செவிலியர் வந்தார். என்னை வெளியே நிற்கச் சொன்னார். சற்று நேரத்தில் மருமகளின் அழுகைச் சத்தம் கேட்டது. தாயாரின் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியுமிடத்தில், உள்ளங்கையகலம் புண். வெளியே வந்த செவிலியர், "பாஸ்டர் எத்தனை மாதமாக இங்கே வருகிறீர்கள்? எல்லாம் நன்றாயிருக்கிறதென்று எதைப் பார்த்துச் சொன்னீர்கள்?" என்று மலையாளத்தில் கேட்டார். நான் விரிப்பைப் பார்த்துச் சொல்லியிருந்தேன்.

வேதாகமக் கல்லூரியில் வியாதியஸ்தரைச் சந்திக்கும் விதம் எங்களுக்குப் போதிக்கப்பட்டது. குரலைத் தாழ்த்தவேண்டும், நெடுநேரம் அமரலாகாது என்பார்கள். குதிகாலைக் குறித்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஹோம் நர்ஸ் கொடியவர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். மெலிந்த தேகமுள்ள பெண். கனத்த சரீரத்தைத் தனியாகப் புரட்ட அவரால் முடியவில்லை; எப்படிப் புரட்டுவதென்று கற்றுக்கொடுத்தவரும் இல்லை. கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்து, இரவில் நாலைந்து முறை எழுந்திருப்பார். வாரத்தில் ஒருநாள்கூட ஓய்வில்லை. "முதுகு சிவந்திருக்கிறது" என்று ஒருமுறை மருமகளிடம் சொன்னாராம். கடைக்குப் புறப்படுகிற அவசரத்தில் அது காதில் விழவில்லை.

பாஷையும் ஒரு தடையாய் நின்றது. தாயாருக்குத் தமிழ் ஒன்றே தெரியும். நர்ஸோ மலைநாட்டுப் பெண். "வெள்ளம் வேணோ?" என்று அவர் கேட்டால், தண்ணீரைத்தான் கேட்கிறார் என்பது முதல் சில நாள் தாயாருக்கு விளங்கவில்லை; நம்முடைய ஊரில் வெள்ளம் ஆற்றில் வருவது. "மதியோ?" என்றால் போதுமா என்று அர்த்தம். தாயார் மௌனமாயிருப்பார், நர்ஸ் தட்டை எடுத்துவிடுவார். "உளையுது, உளையுது" என்று தாயார் முனகியதை வயோதிபரின் வழக்கமான புலம்பல் என்று அவர் எண்ணிக்கொண்டார். ஆதிச் சபையிலே கிரேக்கு பாஷை பேசின விதவைகள் அன்றாட விசாரணையில் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பு எழுந்ததை அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். பிழைப்புக்காகப் பிற மொழி பேசும் பட்டணத்தில் குடியேறிய நாம் அந்தப் பகுதியை வேகமாய்க் கடந்துபோகலாகாது.

பராமரிப்பின் தரத்தை அளப்பது புதிய காரியமல்ல. 1963-ல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் ஒருவர் பிறர் துணையின்றி வாழ்வதற்கு வேண்டிய ஆறு காரியங்களை வரிசைப்படுத்தினார்கள்: குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் சென்றுவருதல், எழுந்து இடம் மாறுதல், மலஜலத்தை அடக்குதல், உண்ணுதல். வீட்டுப் பராமரிப்பு என்பது பெரும்பாலும் இந்த ஆறுக்குள் அடங்கும். மூன்று ஆண்டு கழித்து அவேதிஸ் டோனபேடியன் என்பவர் மருத்துவத்தின் தரத்தை மூன்று கோணங்களிலிருந்து பார்க்கச் சொன்னார்: என்ன ஏற்பாடு இருக்கிறது, என்ன செய்யப்படுகிறது, நோயாளிக்கு என்ன விளைந்தது. நம்முடைய குடும்பங்கள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. ஆள் வைத்தாயிற்று, சம்பளம் கொடுத்தாயிற்று, வாட்டர் பெட் வாங்கியாயிற்று! விளைவு எழுதப்படுவது தோலில்.

இங்கிலாந்தில் வீடுகளுக்கு ஆள் அனுப்பி இத்தகைய பராமரிப்பு அளிக்கும் ஏஜென்சிகள் கேர் குவாலிட்டி கமிஷன் என்ற அமைப்பில் பதிவு செய்யவேண்டும். 2009 முதல் இயங்கிவரும் அந்த அமைப்பு கேட்பவை ஐந்து: பாதுகாப்பாயிருக்கிறதா, பலனளிக்கிறதா, கனிவோடு செய்யப்படுகிறதா, அந்த மனிதரின் தேவைக்கு ஏற்றபடி இருக்கிறதா, நிர்வாகம் ஒழுங்காயிருக்கிறதா. பராமரிப்பைப் பெறுகிறவர்களிடமும் விசாரிக்கிறார்கள். அங்கும் குறைகள் உண்டு. பதினைந்து நிமிடத்தில் வந்து போகிறார்கள் என்ற மனக்குறை பெருகியிருந்த காலத்தில், சில விதிவிலக்குகள் தவிர ஒரு வருகை அரைமணி நேரத்துக்குக் குறையலாகாது என்று அந்நாட்டு சுகாதார வழிகாட்டுதல் 2015-ல் கூறியது.

ஆனால் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நாம் குடியிருக்கிற கேரளத்திலேயே இதற்கு ஒரு வழி உண்டு. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டி, மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலானோர் பெயின் அண்ட் பாலியேட்டிவ் கேர் சொசைட்டியைத் தொடங்கினார்கள். 2003-ல் ராஜகோபால் தொடங்கிய பாலியம் இந்தியா நம்முடைய திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. 2008-ல் கேரள அரசு பாலியேட்டிவ் பராமரிப்புக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது. அதன் பலனாக உள்ளாட்சி அமைப்புகளின் சார்பில் செவிலியர்கள் வீடு தேடி வருகிறார்கள். வார்டு கவுன்சிலரிடமோ, ஆஷா பணியாளரிடமோ, அரசு சுகாதார நிலையத்திலோ சொன்னால் வழிகாட்டுவார்கள். தமிழ்நாட்டில் பெற்றோரை விட்டுவந்திருக்கிறவர்கள் 2021-ல் அங்கே தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை விசாரிக்கலாம்.

பாலியேட்டிவ் என்ற பெயரைக் கேட்டதும் சில விசுவாசிகள் முகம் வாடுகிறார்கள். "பாஸ்டர், அவர்களைக் கூப்பிட்டால் சுகம் கிடைக்கும் என்ற விசுவாசத்தை விட்டுவிட்டோம் என்றாகாதா?" என்று கேட்டவர்களும் உண்டு. அல்ல, பிரியமானவர்களே. மரணத்தறுவாயில் இருப்பவர்களுக்கு மாத்திரம் அவர்கள் வருவதில்லை. பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம், முதுமைத் தளர்ச்சி என்று படுக்கையில் இருக்கிற யாவருக்கும் வருகிறார்கள். புண்ணுக்கு மருந்து வைப்பதைக் காட்டிலும் பெரிய நன்மை ஒன்று அதில் உண்டு. சம்பளம் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் அல்லாத மூன்றாவது நபர் ஒருவர் வந்து, விரிப்பை விலக்கிப் பார்க்கிறார்.

அவர் எதைப் பார்த்தார் என்று பிற்பாடு நான் கேட்டறிந்தேன். எலும்பு மெத்தையை அழுத்துகிற இடங்கள் முதலில்: பிட்டத்துக்கு மேலே, இடுப்பின் இருபக்கம், குதிகால், முழங்கை, பின்னந்தலை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் அது வெளுக்கவேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. நம்மைப்போல் கறுத்த தோலுள்ளவர்களிடம் சிவப்பு தெரியாது. சுற்றிலும் உள்ள தோலைவிட அங்கே சூடு கூடியிருக்கிறதா, கெட்டித்திருக்கிறதா, அல்லது நெகிழ்ந்திருக்கிறதா என்று தொட்டே அறியவேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது பொதுவான வழக்கம். புரட்டிய நேரத்தை ஒரு நோட்டில் எழுதவேண்டும். நோட்டு இல்லாத வீட்டில் எல்லாரும் "புரட்டினோம்" என்பார்கள். அதன்பின் வாய்: நாக்கு வறண்டு வெடித்திருந்தால் தண்ணீர் போதவில்லை. சிறுநீர் கடும் மஞ்சளாயிருந்தாலும் அதுவே பெரும்பாலும் காரணம். மடங்கிய விரல்களின் நடுவே அழுக்குச் சேர்ந்திருக்கிறதா என்றும், வளையல் கையில் முன்னைவிடத் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்தார். படுக்கவைத்தபடியே ஊட்டுகிறார்களா என்று கேட்டார். தலையை உயர்த்தாமல் ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் இறங்கும். குளிப்பாட்டும்போது கதவு மூடியிருக்கிறதா, மேலே ஒரு துணி போர்த்தியிருக்கிறதா என்பதையும் விடவில்லை. கடைசியாக எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தாயாரோடு தனியே பேசினார்.

ஹோம் நர்ஸையும் அவர் விசாரித்தார். எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், என்ன சாப்பிட்டாய் என்றார். இது எனக்கு விநோதமாய்த் தோன்றியது. யோசித்தால் நியாயம் விளங்குகிறது. மூன்று இரவு உறங்காத கை எவ்வளவு மென்மையாய் ஒருவரைப் புரட்டக்கூடும்? வீட்டுக்காரர் ஏஜென்சியிடம் கொடுக்கும் தொகையில் அவர் கைக்கு எவ்வளவு சேருகிறதென்று அறிந்துவைத்திருக்கிற குடும்பங்கள் நம்மில் எத்தனை?

நல்ல சமாரியனைப் பற்றி நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததைச் சொல்வேன், இரண்டு பணத்தைச் சொல்வேன். பணத்தைக் கொடுத்தவன் தான் திரும்பி வருவதாகவும் சத்திரக்காரனிடம் சொல்லிப்போனதை நான் கவனித்ததில்லை. இப்போது எங்கள் சபைச் சகோதரிகள் அந்த வீட்டுக்கு இருவராய்ப் போகிறார்கள். ஒருவர் தாயாரைப் புரட்டவும் துடைக்கவும் கைகொடுத்துத் தோலைப் பார்க்கிறார். மற்றவர் சமையலறையைப் பார்த்துக்கொள்ள, ஹோம் நர்ஸ் அடுத்த அறையில் இரண்டு மணி நேரம் உறங்குகிறார். ஞாயிறுகளில் மருமகள் கடைக்குப் போவதில்லை. அன்று நர்ஸுக்கு விடுப்பு.

புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது. அதற்குள் ஒருநாள் ஒரு சகோதரி தாயாரின் காதருகே குனிந்து, "அம்மா, உங்களுக்கு என்ன குறை?" என்று தமிழில் கேட்டாராம். குழறின நாவோடு தாயார் சொன்னது: "காலைல அஞ்சு மணிக்குக் குளிப்பாட்ட வேண்டாம். குளிருது." கடை திறக்கப் போகுமுன் தாயார் குளித்துச் சுத்தமாயிருப்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போகவேண்டுமென்று மகன்தான் அந்த நேரத்தை வைத்திருந்தான். இப்போது பத்து மணிக்கு, வெயில் ஏறினபின், வெந்நீரில் குளிப்பாட்டுகிறார்கள்.