கடை வாசற் சரக்கும் களவும்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் முன்னாளில் இருந்த மளிகைக் கடைகளை அறிந்தவர்கள், அவற்றின் உட்புறத்தைவிட வாசலையே நன்கு நினைவில் வைத்திருப்பார்கள். கடைக்காரர் விடியுமுன் வந்து, இலக்கமிட்ட நிரைப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். அவற்றுள் இரண்டை முட்டுக்கட்டைகள்மேல் கிடத்தினால் அதுவே சரக்குப் பரப்பும் மேடையாகிவிடும். தேங்காய் நார்க் கயிற்றுச் சுருள்கள், துடைப்பக் கட்டுகள், பனையோலைப் பெட்டிகள், கோரைப் பாய்கள், மண்சட்டிகள், அரிக்கேன் விளக்குகள், வலைக்கான மிதவைகள் முதலிய யாவும் வாசலிலேயே இருக்கும். உள்ளே எண்ணெய்ப் பீப்பாயும் அரிசி மூட்டைகளும் கல்லாப் பெட்டியும் மட்டுமே இருக்கும்.

சரக்கை வெளியே வைத்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு. கடைகள் சிறியவை, மின் விளக்கு இல்லாத காலத்தில் உள்ளே இருட்டாகவே இருக்கும். கயிற்றின் முறுக்கையும் பாயின் நெசவையும் வெளிச்சத்திற் பார்த்தே வாங்குவார்கள். எழுத்தறியாதார் மிகுந்திருந்த ஊரில் பெயர்ப் பலகையினும் தொங்கும் சரக்கே நல்ல விளம்பரம். மண்ணெண்ணெய் வாடை அரிசியில் ஏறாமலிருக்கவும் உப்பின் ஈரம் வெல்லத்தைக் கெடுக்காமலிருக்கவும் சில பண்டங்கள் வெளியே இருந்தாக வேண்டும்.

உப்பு மூட்டையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடை சாத்திய பிறகும் அது இரவு முழுவதும் வாசலிலேயே கிடக்கும். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு உப்பைத் திருடுவது பெரும் பாவமாகத் தோன்றியது. அந்நம்பிக்கையோடு நடைமுறைக் காரணமும் சேர்ந்திருந்தது. உப்பு கனமானது, விலை குறைந்தது. சுமந்து செல்லும் பாட்டுக்குத் தக்க பயன் கள்வனுக்குக் கிட்டாது. ஆகவே வாசலில் எதை விட்டு வைக்கலாம், எதை உள்ளே எடுக்க வேண்டும் என்பதை அக்காலக் கடைக்காரர் நன்கு ஆராய்ந்தே செய்தார். துடைப்பம் இரவில் வெளியே இருக்கலாம்; வலை நூல் உள்ளே போயாக வேண்டும்.

திறந்த வெளியிற் கிடக்கும் சரக்கைக் காப்பது எப்படி என்ற கேள்வி பழமையானது. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்து வெள்ளிடை மன்றத்தைக் கூறுகிறது. அங்கே பெயரும் அளவும் குறியிட்ட பொதிகள் காவலின்றிக் கிடந்தன. களவாட நினைத்தவன் கழுத்து நோவப் பொதியைத் தலையிற் சுமந்து சுற்றி வருவானேயன்றி அதை வெளியே கொண்டு போக இயலாது. இக்கதையிலிருந்து நாம் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பொதியின்மேற் குறி இருந்தது. குறியிட்ட பொருள் உரியவனைக் காட்டிக் கொடுக்கும். நம் உழவர்கள் களத்தில் நெற்பொலியின்மேல் சாம்பலாலோ ஈரமண்ணாலோ குறியிட்டதும் இதே கருத்தினாலேதான். அக்குறி பூட்டு அன்று. யாரேனும் கைவைத்தால் அதைக் காட்டும் அடையாளம். நெசவாளர் தெருவில் பாவு விரித்த காலத்தில் அதற்குக் காவலாக இருந்தவை தெருவாரின் கண்கள்.

பழவேற்காடும் துணி வணிகத்தால் வளர்ந்த ஊரே. டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரையின் துணிகளைக் கீழைத் தீவுகளுக்கு அனுப்பி, அங்கிருந்து நறுமணச் சரக்குகளைப் பெற்றனர். மீனவர்களோ ஏரியையே முறையாகப் பங்கிட்டுக் கொண்டவர்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களில் வழங்கிய 'பாடு' முறைப்படி எந்த இடத்தில் எவர் என்று வலை போடுவதென்பது ஊர்க்கட்டுப்பாட்டால் முறைவைத்துத் தீர்மானிக்கப்பட்டது. பூட்ட முடியாத நீர்ப்பரப்பையே முறையாற் காத்தவர்களுக்குக் கடை வாசலைக் காப்பது புதிய பாடமன்று.

எனினும் பழைய காலத்தில் களவே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. களவு இருந்தது, களவென்று தவறாக எண்ணப்பட்டதும் இருந்தது. பின்னதால் விளையும் தீங்கு பெரிது. என் இளமையில் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன்.

எங்கள் குப்பத்துக் கடையொன்றில் ஒரு நாள் மாலை நைலான் நூற்கண்டுகளில் இரண்டு குறைந்தன. அன்று வாசலில் நின்றவன் எடுபிடிச் சிறுவன். தந்தையைக் கடலில் இழந்தவன். கடைக்காரர் கொடியவர் அல்லர். ஆயினும் பத்துப் பேர் முன்னிலையில் அவன் மடியைச் சோதித்தார். "நான் எடுக்கவில்லை, மாமா" என்பதைத் தவிர அவன் வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் அவனுக்கு வேலை இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து, பாட்டுக்குப் போய் வந்த ஒருவர் கடன் தீர்க்க வந்து, "அன்று அவசரத்தில் இரண்டு கண்டு எடுத்துப் போனேன், எழுதிக்கொண்டீர்களா?" என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. கடைக்காரர் அன்றே அச்சிறுவன் வீட்டுக்கு நடந்து சென்றார். தாய் அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். சிறுவனோ பின்னொரு நாளும் அக்கடைப் படியேறவில்லை. நூற்கண்டுகளின் விலை வசூலாயிற்று. அவன் இழந்த நற்பெயரை எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்க இயலவில்லை.

நம் கூட்டுறவுப் பண்டகசாலைகளில் இருப்பெடுக்கும்போது குறைவு காணப்பட்டால், இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ள வேண்டும். சரக்குக் குறைவுக்குக் களவு ஒரு காரணம். அது ஒன்றே காரணமன்று. கடன் கொடுத்ததை எழுதாமை, வரும்போதே எடை குறைந்த மூட்டையை நிறுக்காமல் ஏற்றுக்கொண்டமை, வெல்லமும் கருவாடும் உலர்ந்து எடை இழத்தல், உப்பு ஈரத்தாற் கரைதல், எலிச் சேதம், தவறான விலைக் குறிப்பு ஆகிய இவையெல்லாம் கணக்கில் களவைப் போலவே தோன்றும். இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே களவைப் பற்றிப் பேச வேண்டும்.

அதற்காகக் களவைச் சிறிதென்று விட்டுவிடவும் கூடாது. 95 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கும் வாளியைக் கொள்வோம். ஒன்று விற்றால் 5 ரூபாய் மிஞ்சும். வாசலிலிருந்து ஒரு வாளி களவு போனால் நஷ்டம் 95 ரூபாய். அதை ஈடு செய்ய 19 வாளிகள் விற்க வேண்டும். அந்தப் பத்தொன்பதின் உழைப்பும் வீண். தனியார் கடையில் அந்நஷ்டம் முதலாளியுடையது. சங்கக் கடையிலோ அது ஒவ்வோர் அங்கத்தினரின் பங்கிலிருந்தும் போகிறது.

வாங்குபவரே சரக்கைக் கையிலெடுக்கும் கடைமுறை பரவியபின் இத்தொல்லை எங்கும் மிகுந்தது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916-ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் அத்தகைய கடையைத் திறந்தார். பெரிய நகரக் கடைகளில் இன்று கண்காணிப்புக் காமிராக்கள் வேலை செய்கின்றன. அவை நடந்ததைக் காட்டும். ஆனால் வாசலில் நிற்பவரைப் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரிக்கும் விற்பனையாளரின் கண்ணுக்கு அவை ஈடாகா. அந்தக் கண் ஒருவனைப் பிடிப்பதற்கு முன்பே தடுத்துவிடும்.

தண்டனையைப் பற்றியும் சிறிது அறிய வேண்டும். இங்கிலாந்தில் 1699-ஆம் ஆண்டுச் சட்டம் கடையில் ஐந்து ஷில்லிங் பெறுமான சரக்கை மறைவாகத் திருடியவனுக்கு மரண தண்டனை விதித்தது. அத்தனைக் கொடுமையாலும் கடைக் களவு ஒழியவில்லை; பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தண்டனை நீக்கப்பட்டது. நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 303-ஆம் பிரிவு வேறு வழியைக் காட்டுகிறது. களவுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதன்முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், அவருக்குரிய தண்டனை சமுதாயப் பணியே. பொருளும் திரும்ப வேண்டும், மனிதரும் திருந்த வேண்டும் என்பதே இதன் நோக்கம். சந்தேகத்தின் பேரில் ஒருவரை அடிக்கவோ, கட்டிவைக்கவோ, பலர் முன்னிலையில் அவமதிக்கவோ எந்தச் சங்கத்துக்கும் உரிமையில்லை.

ஆகவே சங்கக் கடைகள் கைக்கொள்ளத்தக்கவை இவை:

1. காலையில் வாசலில் வைக்கும் பொருள்களை எண்ணிச் சிறு ஏட்டில் எழுதுக; மாலையில் எடுத்து வைக்கும்போது மீண்டும் எண்ணுக.

2. கனமானதும் விலை குறைந்ததும் வெளியே இருக்கட்டும். மடியிற் செருகத்தக்கது உள்ளே இருக்கட்டும்.

3. ஒவ்வொரு பொருளிலும் சங்கத்தின் குறி இடுக.

4. கடனைக் கொடுத்த கையே அப்பொழுதே எழுதுக.

5. குறைவு கண்டால் முதலில் ஏட்டைச் சோதிக்க. பின்பு கிடங்கைச் சோதிக்க. மனிதரைச் சந்தேகிப்பது கடைசியில் இருக்கட்டும்.

1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ராச்டேல் முன்னோடிகள் தங்கள் சிறு கடையைத் திறந்தபோது, ரொக்கத்துக்கே விற்பனை, சரியான எடை என்ற கட்டுப்பாடுகளை மேற்கொண்டனர். நம் மாநிலத்தில் 1904-ஆம் ஆண்டில் முதற் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. அவற்றுள் ஒன்றான திரூர்ச் சங்கம், பழவேற்காடு அமைந்துள்ள இதே திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இச்சங்கங்கள் பூட்டை நம்பி வளர்ந்தவை அல்ல. சரியான கணக்கையும் ஒருவரையொருவர் அறிந்த நம்பிக்கையையும் கொண்டு வளர்ந்தவை. வாசலில் தொங்கும் கயிற்றுச் சுருள் நம் அனைவருக்கும் உரியது. அதைக் காப்பது நம் கடமை. அதன் அருகில் நிற்கும் ஏழைச் சிறுவனின் மானத்தைக் காப்பதும் நம் கடமையே.